ரேம் வேகம் கூட்டிய கொம்பியூட்டர் குழப்படி செய்தால்: அறிகுறி பார்த்துத் திருத்தும் வழி

கிளிநொச்சி, பரந்தன், புதுக்குடியிருப்புப் பக்கம் வீட்டிலேயே கொம்பியூட்டர் பூட்டுகிற பெடியள் இப்போது நிறைய. சாமான் கொழும்பு யூனிட்டி பிளாசாவிலிருந்து பஸ்ஸில் வரும். பூட்டும் முறை யூடியூபில் வரும். பூட்டி முடித்த கையோடு பயோஸுக்குள் (போர்டின் அடிப்படை அமைப்புத் திரை) போய், ரேமை அதன் பெட்டியில் அச்சடித்த வேகத்துக்கு ஏற்றும் எக்ஸ்எம்பியைத் தட்டிவிடுவார்கள். கொஞ்ச நாள் நன்றாக ஓடும். பிறகுதான் தொலைபேசி அடிக்கும்: "அண்ணை, ஸ்கிரீன் வருகுதில்லை." "அண்ணை, நீலத்திரை அடிக்குது."

திரும்பத் திரும்ப வருகிற பழுதுகளை அறிகுறி வாரியாகக் கீழே எழுதியிருக்கிறேன். உங்கள் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேரே போங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில், பொக்கெட்டைக் கடிக்கிற காரணம் கடைசியில்.

ஒன்று மட்டும் முதலே சொல்லிவிடுகிறேன். வீடியோவில் ஒருவர் ஏசி அறையில் ஓட்டிக் காட்டும் எண், சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே அப்படியே நிற்கும் என்று நம்ப வேண்டாம். இந்தப் பக்கம் பழுது என்று வருகிறவற்றில் பெரும்பகுதி சூடு, கரண்ட், தூசு, தொடுகை இந்த நான்கில் ஒன்றில்தான் முடிகிறது. எண்களில் கை வைப்பது அதற்குப் பிறகு.

## எதையும் தொடுமுன்

பயோஸில் ரேம் பக்கத்தை போனில் படம் எடுத்து வையுங்கள். வேகம், டைமிங் (ரேம் பதில் தர எடுக்கும் காத்திருப்பு எண்கள்), வோல்டேஜ் மூன்றும் தெரிய வேண்டும்.

முக்கியமான கோப்புகளை வெளி டிஸ்க்கில் போடுங்கள். ரேம் பிழை டிஸ்க்கில் உள்ளதையும் கெடுக்கும். ஏன் என்பது கோப்புப் பழுதுத் தலைப்பில் இருக்கிறது.

ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 புரோகிராம் ஒரு யூஎஸ்பியில் தயாராக இருக்கட்டும். இலவசப் பதிப்பு நான்கு சுற்று ஓடும், வீட்டுக்கு அது போதும். கொம்பியூட்டர் படுத்த பிறகு யூஎஸ்பி செய்ய இன்னொரு வீட்டுக்கு ஓட வேண்டி வரும், அதனால் இன்றைக்கே செய்து லாச்சியில் போட்டுவிடுங்கள்.

அடுத்தது முதல் சோதனை. திரை வருகிற எல்லா அறிகுறிக்கும் இது பொது. எக்ஸ்எம்பியை அணைத்து, எல்லாவற்றையும் பழைய நிலைக்கு விட்டு, ஒரு நாள் வழமையான வேலையைச் செய்யுங்கள்.

- பழுது போய்விட்டதா? ஓவர்கிளொக்தான் (வேகம் கூட்டியதுதான்) காரணம். கீழே தொடருங்கள்.
- பழுது அப்படியே இருக்கிறதா? ரேம் எண்களோடு மல்லுக்கட்ட வேண்டாம். பவர் சப்ளை, டிஸ்க், பழுதான ரேம் ஸ்டிக் என்று வேறு பக்கம் தேட வேண்டும்.

இந்த ஒரு நாளைப் பொறுக்காமல் டைமிங் மாற்றத் தொடங்குகிறவர்கள்தான் கிழமைக் கணக்கில் அலைகிறார்கள்.

## அறிகுறி: பவர் போட்டால் ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றும் இல்லை

### முதலில் சும்மா இருங்கள்

புதிய டிடிஆர்5 ரக ரேம் போடும் போர்டு, அதிலும் ஏஎம்5 சொக்கெட் ரைசன், ரேம் வேகம் மாறிய முதல் தடவை பல நிமிடம் கறுப்புத் திரையோடு நிற்கும். புது வேகத்துக்குப் போர்டு ரேமைப் பழக்குகிறது. 64 ஜிபி போட்டால் இன்னும் நேரம் எடுக்கும். போர்டில் "டிரேம்" என்று எழுதிய சின்ன லைட் எரிந்துகொண்டிருந்தால் கால் மணி நேரம் விடுங்கள். இடையில் பவரை அணைத்தால் திரும்ப முதலிலிருந்து தொடங்கும். செத்துவிட்டது என்று சொல்லிக் கொண்டுவரப்பட்ட போர்டு, மேசையில் தேத்தண்ணி குடித்து முடிக்குமுன் தானாக எழும்பிய கதை பல முறை நடந்திருக்கிறது.

முந்திய ரகமான டிடிஆர்4 என்றால் இவ்வளவு நேரம் எடுக்காது. இரண்டு மூன்று தடவை தானாக அணைந்து எரிந்து, பிறகு பழைய வேகத்தில் வர வேண்டும். எல்லாப் போர்டும் இப்படித் தானாகத் திரும்பாது.

### சீமொஸ் அழிக்க

பயோஸ் அமைப்புகள் சேமித்திருக்கும் இடம்தான் சீமொஸ். அழித்தால் எல்லாம் பழைய நிலைக்குப் போகும். கேபிளைச் சுவரிலிருந்து கழற்றுங்கள். பவர் பட்டனை ஒரு தடவை அழுத்தி மிச்சக் கரண்டை வெளியேற்றுங்கள். போர்டில் "சிஎல்ஆர்டிசி" (CLRTC) அல்லது "ஜேபாட்1" (JBAT1) என்ற இரண்டு முனைகளை ஸ்குரூடிரைவர் நுனியால் பத்து விநாடி தொட்டுப் பிடியுங்கள். இடம் தெரியாவிட்டால் வட்டப் பட்டரியைக் கழற்றி ஐந்து நிமிடம் விடலாம். பெரிய கிராபிக்ஸ் கார்ட் பட்டரியை மறைத்துக்கொண்டிருந்தால் கார்டைக் கழற்றத்தான் வேண்டும்.

திரை வந்ததா? எக்ஸ்எம்பி எண் உங்கள் போர்டுக்கோ சிப்புக்கோ (புரொசசர்) அதிகம். மெம்டெஸ்ட் தலைப்புக்குப் போங்கள். வரவில்லையா? அடுத்த படி.

### ஒரு ஸ்டிக், ஒரு ஸ்லொட்

எல்லா ஸ்டிக்கையும் கழற்றி, ஒன்றை மட்டும் சிப் பக்கமிருந்து இரண்டாவது ஸ்லொட்டில் போடுங்கள். பெரும்பாலான நாலு ஸ்லொட் போர்டில் அதுதான் ஏ2. எழும்பாவிட்டால் மற்ற ஸ்டிக். பிறகு மற்ற ஸ்லொட். "டக்" என்ற சத்தம் கேட்கும்வரை அழுத்துங்கள். ஒரு பக்கம் மட்டும் கிளிப் உள்ள போர்டில் மறுபக்கம் பாதி ஏறி நிற்பதைக் கண்ணால் பார்த்தால்தான் தெரியும்.

### துடையுங்கள்

கச்சான் காற்று வீசும் மாதங்களில் வீட்டுக்குள் வரும் செம்மண் தூசு மாவு போல இருக்கும். அது ஸ்லொட்டின் அடியில் போய்ப் படியும். மழைக்காலம் தொடங்கினால் ஈரத்தில் பிடித்துக்கொள்ளும். ஸ்டிக்கின் பொன்நிறப் பற்களை மெல்லிய வெள்ளை அழிறப்பரால் ஒரே திசையில் இலேசாகத் தேய்த்து, ஐசோபுரோப்பில் அல்கஹோல் தொட்ட துணியால் துடையுங்கள். அல்கஹோல் பார்மசியில் கிடைக்கும். ஸ்லொட்டுக்குள் மென்மையான புதிய பற்தூரிகை. வாயால் ஊத வேண்டாம், எச்சில் போகும். சிற்றெறும்பு கூடு கட்டிய ஸ்லொட்டும் பல்லி எச்சம் விழுந்து பச்சை பூத்த ஸ்லொட்டும் இங்கே புதினமில்லை. பெட்டியின் பக்கக் கதவைத் திறந்து வைத்து மேசை ஃபேனை அடிக்க விடுகிற வீடுகளில் இது அதிகம்.

### இங்கே நிறுத்துங்கள்

எரிந்த வாசனை வந்தால், போர்டில் "சீபியூ" என்று எழுதிய லைட் எரிந்தபடி நின்றால், எந்த ஸ்டிக்கும் எந்த ஸ்லொட்டிலும் எழும்பாவிட்டால் இனி உங்கள் வேலையில்லை. சிப்பைக் கழற்றி ஊசிகளைப் பார்க்க வேண்டும். ரைசனின் பழைய சொக்கெட்டான ஏஎம்4 என்றால் கூலரை இழுக்கும்போது சிப்பும் ஒட்டிக்கொண்டு வந்து ஊசி வளைவது சர்வ சாதாரணம். திருகி இழுக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

## அறிகுறி: எக்ஸ்எம்பி போட்டும் வேகம் கூடவில்லை

சீபியூ-இசட் புரோகிராம் 1600 என்று காட்டினால் அதுதான் 3200. அது பாதியைத்தான் காட்டும். முதலில் டாஸ்க் மனேஜரில் பாருங்கள். பாதிப் பேருடைய பிரச்சினை இந்த இடத்திலேயே தீர்ந்துவிடும்.

சரி, உண்மையாகவே 2133 அல்லது 2666இல் நிற்கிறது என்றால் இந்த ஒழுங்கில் பாருங்கள். பயோஸில் சேமித்து வெளியே வந்தீர்களா? இரண்டு ஸ்டிக்கும் வேறு வேறு வேகமா? அப்படியென்றால் மெதுவானதன் வேகத்துக்குத்தான் இரண்டும் ஓடும். ஸ்டிக்கரில் 1.2 வோல்ட், 3200 என்று இருந்தால் அது எக்ஸ்எம்பி இல்லாமலே 3200 ஓட வேண்டிய ரேம். பழைய போர்டில் அந்த வேகம் கிடைக்காது.

போர்டும் சிப்பும் விடாவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. ஐ5-10400ஐ பி460 போர்டில் போட்டால் 2666தான். எச்610இல் டிடிஆர்4 3200க்கு மேல் போகாது. இன்டெலில் 500 வரிசையிலிருந்துதான் பி ரகப் போர்டுகளும் ரேமைக் கூட்ட விட்டன. அதற்கு முன் இசட் போர்டு வேண்டும். ஏஎம்டி பக்கம் மலிவான ஏ320, ஏ520 கூட ரேமைக் கூட்ட விடும். அலுவலகங்கள் கழித்துவிட்டு வவுனியாப் பக்கம் விற்பனைக்கு வரும் பிராண்டட் பெட்டிகளில் பெரும்பாலும் அந்த மெனுவே இருக்காது, தேட வேண்டாம்.

இதற்காகப் புதுப் போர்டு வாங்கலாமா என்று கேட்பார்கள். கிராபிக்ஸ் கார்ட் தனியாக இருந்தால் வேண்டாம். 5600ஜி மாதிரி சிப்புக்குள்ளேயே கிராபிக்ஸ் இருக்கிறதென்றால் ரேம் வேகம் விளையாட்டில் கண்ணுக்குத் தெரியும். அங்கே யோசிக்கலாம்.

## அறிகுறி: காலையில் போட்டால் பழைய வேகத்துக்குத் திரும்பியிருக்கிறது

### திகதியும் பிழையா?

ஆம் என்றால் வட்டப் பட்டரி, சிஆர்2032. இடி மின்னலுக்குப் பயந்து இரவில் சுவர் சுவிச்சை அணைத்துவிட்டுப் படுப்பது இங்கே எல்லா வீட்டுப் பழக்கமும்தான், அது நல்ல பழக்கம்தான். அப்படி அணைக்கும்போது பயோஸைக் காப்பது அந்தப் பட்டரி மட்டுமே. மல்டிமீற்றரில் 3 வோல்ட் வர வேண்டும், 2.7 என்றால் மாற்றுங்கள். மணிக்கூட்டுக் கடையில் கிடைக்கும். இந்தத் தலைப்புக்கு இதுதான் மிகப் பெரிய செலவு.

### திகதி சரி, "ஓவர்கிளொக்கிங் ஃபெயில்ட்" என்று எழுதி வருகிறதா?

குளிர்ந்த நிலையில் பழக்கும்போது தோற்றிருக்கிறது. மார்கழி, தை விடியலில் வரும், மத்தியானம் வராது. ரேம் வோல்டேஜை 1.35இலிருந்து 1.37க்கு வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் போதும். போதாவிட்டால் வேகத்தை ஒரு படி குறையுங்கள்.

### கரண்ட் வந்து வந்து போனதா?

எழும்பும் நேரத்தில் கரண்ட் இரண்டு மூன்று தடவை வெட்டினாலும் போர்டு, ஓவர்கிளொக் தோற்றது என்று நினைத்துப் பழைய வேகத்துக்குப் போய்விடும். எண்களில் குற்றமில்லை. சேமித்த புரொஃபைலைத் திரும்ப ஏற்றுங்கள், அவ்வளவுதான்.

## அறிகுறி: இரவில் நன்றாக ஓடுகிறது, பகலில் நீலத்திரை

இந்தப் பக்கத்தின் சொந்தப் பழுது என்று சொன்னால் இதைத்தான் சொல்ல வேண்டும். நீலத்திரையில் "மெமரி மேனேஜ்மென்ட்", "ஐஆர்கியூஎல் நொட் லெஸ் ஓர் ஈக்குவல்", "பேஜ் ஃபோல்ட் இன் நொன்பேஜ்ட் ஏரியா" என்று ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பெயர் வரும். பெயர் மாறி மாறி வந்தாலே ரேம் மேல் சந்தேகப்படலாம்.

முதலில் எந்த நேரத்தில் வருகிறது என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். அந்தக் கொப்பிதான் வழி காட்டும்.

### மத்தியானம் 12இலிருந்து 4க்குள் வருகிறது

சூடு. ரேமுக்குள் ஒவ்வொரு பிட்டும் சின்ன மின்னேற்றமாக நிற்கிறது. சூடு கூடினால் அது வேகமாக ஒழுகும். இறுக்கிய டைமிங்கில் அந்த ஒழுக்குக்கு இடமில்லை. டிடிஆர்4இல் நல்ல பெயர் எடுத்த சாம்சங் பி-டை சிப்களே 50 பாகைக்குக் கிட்டப் போனால் இறுக்கிய டைமிங்கில் பிழை விடத் தொடங்கும். சாதாரண வேகத்தில் அதே ஸ்டிக் 80 பாகையிலும் பேசாமல் ஓடும்.

டிடிஆர்5 எல்லாவற்றிலும் வெப்பமானி உண்டு, டிடிஆர்4இல் சிலவற்றில்தான். எச்டபிள்யூஇன்ஃபோ புரோகிராம் போட்டுப் பாருங்கள். எண் தெரியாவிட்டால் ரென்டர் ஓடும்போது ஸ்டிக்கின் தகட்டை விரலால் தொடுங்கள். விரலை வைத்திருக்க முடியாவிட்டால் அதுவே பதில்.

கல்யாண வீடியோ எடிட் செய்கிற ஒரு தம்பி முள்ளியவளையிலிருந்து பெட்டியைக் கொண்டுவந்தார். இரவு முழுக்க மெம்டெஸ்ட் ஓடியதாம், ஒரு பிழையும் இல்லை. பகலில் ரென்டர் போட்டால் நடுவில் விழுகிறது. என் கடையிலும் விழவில்லை. கடைக் கூரை ஓடு. அவர் அறைக் கூரை தகரம், சீலிங் இல்லை, பெட்டி சுவர் மூலைக்குள். கிராபிக்ஸ் கார்ட் வெளியே தள்ளும் சூடு நேரே ரேமுக்குத்தான் போகிறது. பெட்டியை மூலையிலிருந்து ஒரு முழம் வெளியே இழுத்து, மேலே பின்பக்கம் ஒரு ஃபேன் பூட்டி, 3600ஐ 3466 ஆக்கினோம். அதோடு முடிந்தது.

செய்யும் ஒழுங்கு இது:

முதலில் பெட்டியின் முன்பக்க வலையைத் துடையுங்கள். மூலையை விட்டு வெளியே எடுங்கள். பிறகு ரேமுக்கு மேலே காற்று போக ஒரு 120 மிமீ ஃபேன். பிறகு வோல்டேஜ். 1.40 வைத்திருந்தால் 1.35க்கு இறக்குங்கள். வோல்டேஜ் ஏற்றினால் நிலையாகும் என்று எல்லோரும் சொல்வார்கள், சூட்டுப் பிழைக்கு அது எண்ணெய் ஊற்றுவது. பிறகு டிஆர்எஃப்சியை (மின்னேற்றத்தைப் புதுப்பிக்க எடுக்கும் நேரம்) கையால் குறைத்திருந்தால் ஆட்டோவுக்கு விடுங்கள், டிரெஃபியை (இரண்டு புதுப்பித்தலுக்கு இடையிலான நேரம்) கூட்டியிருந்தால் அதையும். இவ்வளவுக்கும் அடங்காவிட்டால் வேகம் ஒரு படி கீழே.

சோதனையைப் பகலில்தான் செய்ய வேண்டும். இரண்டு மணி வெயிலில், கிராபிக்ஸ் கார்டும் சேர்ந்து சூடாகும்படி. இரவில் பாஸ் ஆன மெம்டெஸ்டுக்கு இங்கே மதிப்பில்லை.

### மோட்டர் போடுகிற நேரத்தில் வருகிறது

காலை ஆறரைக்கு, பின்னேரம் ஐந்துக்கு, பக்கத்துத் தோட்டத்தில் மிளகாய்க்குத் தண்ணீர் இறைக்க மோட்டர் போட்டதும் உங்கள் வீட்டு லைட் ஒருக்கால் மங்குகிறதா? அப்படியானால் ரேமை விட்டுவிட்டுச் சுவரைப் பாருங்கள். 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 190, 200 என்று இறங்கினால் மலிவான பவர் சப்ளை தடுமாறும். ஓவர்கிளொக் செய்யாத கொம்பியூட்டர் அந்தத் தடுமாற்றத்தைத் தாங்கிக்கொள்ளும், செய்தது தாங்காது. அதனால்தான் பழி ரேமில் விழுகிறது.

யூபிஎஸ் திரையில் உள்வரும் வோல்டேஜ் தெரியும், அதைப் பாருங்கள். யூபிஎஸ் இல்லாவிட்டால் சுவர் பிளக்குக்குள் மல்டிமீற்றர் விடும் வேலையை வயரிங் தெரிந்தவரிடம் விடுங்கள். ஏவிஆர் (வோல்டேஜைச் சீராக்கும் வசதி) உள்ள யூபிஎஸ் ஒன்று இந்தப் பிரச்சினையின் முக்கால்வாசியைத் தீர்க்கும். எர்த் இருக்கிறதா என்றும் அதே ஆளிடம் கேளுங்கள். பெட்டியின் இரும்பைத் தொட்டால் சுள்ளென்று அடிக்கும் வீடுகளில் எர்த் வயர் எங்கேயோ அறுந்திருக்கிறது. அதைத் திருத்தும்வரை ஓவர்கிளொக் வேண்டாம், கொம்பியூட்டரையே போடாமல் இருப்பது நல்லது.

பவர் சப்ளையைச் சந்தேகித்தால் வேலை ஓடும்போது 12 வோல்ட் கோட்டைப் பாருங்கள். 11.4க்குக் கீழே இறங்கக் கூடாது. பயோஸ் காட்டும் எண்ணை முழுதாக நம்ப வேண்டாம், தெரிந்த நல்ல பவர் சப்ளை ஒன்றை இரவல் வாங்கிப் பூட்டிப் பார்ப்பதே நிச்சயம்.

### நேரம் காலம் இல்லாமல் வருகிறது

அடுத்த தலைப்பு.

## அறிகுறி: மெம்டெஸ்டில் சிவப்புக் கோடு

ஒரு பிழையும் பிழைதான். "ஒன்றுதானே அண்ணை" என்று விட்டால் கடைசியில் கோப்புப் பழுதில் போய் நிற்பீர்கள்.

எக்ஸ்எம்பி அணைத்த நிலையிலும் பிழை வந்தால் ஸ்டிக் பழுது. ஒவ்வொன்றாகப் போட்டுக் குற்றவாளியைப் பிடித்து, வொரன்டிக்கு அனுப்புங்கள். பல பிராண்டுகள் ரேமுக்கு ஆயுள்கால வொரன்டி தருகின்றன. பில்லும் ஸ்டிக்கரும் பத்திரம்.

எக்ஸ்எம்பி போட்டால் மட்டும் வருகிறதென்றால் தனித்தனியாகச் சோதியுங்கள். தனியாக இரண்டும் பாஸ், சேர்ந்தால் ஃபெயில் என்பது அடிக்கடி வரும் விடை. கேட்டுப் பார்த்தால் ஒன்று போன வருடம் வாங்கியது, மற்றது இந்த வருடம். பெயரும் நிறமும் ஒன்றாக இருந்தாலும் உள்ளே ஒன்றில் ஹைனிக்ஸ் சிப், மற்றதில் மைக்ரோன் சிப் இருக்கலாம். கம்பெனி உத்தரவாதம் தருவது ஒரே பக்கற்றில் வந்த சோடிக்கு மட்டும்.

நாலு ஸ்டிக் போட்டிருந்தால் எதிர்பார்ப்பைக் குறையுங்கள். ரைசன் 7000க்கு ஏஎம்டியே சொல்வது இரண்டு ஸ்டிக்குக்கு 5200, நாலுக்கு 3600தான். நாலு போட்டு 6000 கேட்பது அதிர்ஷ்டச் சீட்டு.

தளர்த்தும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், ஒவ்வொன்றுக்கும் பிறகு சோதியுங்கள்.

1. கமாண்ட் ரேட் 1டி என்றால் 2டி. ஏஎம்டியில் கியர் டவுன் மோடை எனேபிள்.
2. வேகம் ஒரு படி கீழே, டைமிங் அப்படியே: 3600, 3466, 3333, 3200.
3. சூடு பிரச்சினை இல்லாத அறை என்றால் மட்டும் ரேம் வோல்டேஜ் 1.37, பிறகு 1.40. டிடிஆர்4க்கு அதற்கு மேல் இந்தக் காலநிலையில் நான் வைப்பதில்லை.
4. கடைசியாகச் சிப் பக்க வோல்டேஜ். ஏஎம்4இல் எஸ்ஓசி 1.1, கூடினால் 1.15. ஏஎம்5இல் 1.3ஐ ஒருபோதும் தாண்டக் கூடாது. 2023இல் ரைசன் 7000 எக்ஸ்3டி சிப்கள் சில எரிந்த பிறகு ஏஎம்டி பயோஸிலேயே அந்த எல்லையைப் போட்டது. அதற்கு முந்திய பயோஸ் இருந்தால் எக்ஸ்போவை (ஏஎம்டியின் எக்ஸ்எம்பி) தொடுமுன் அப்டேட் செய்யுங்கள்.

இன்டெல் 12ஆம் தலைமுறையிலிருந்து, பெயர் முடிவில் கே இல்லாத சிப்களில் எஸ்ஏ வோல்டேஜை (இன்டெலின் சிப் பக்க வோல்டேஜ்) தொட முடியாது. அதனால் 3600 கியர் 1இல் (ரேமும் சிப்புக்குள் இருக்கும் ரேம் கட்டுப்பாட்டியும் ஒரே வேகத்தில்) எல்லாச் சிப்பிலும் நிற்காது. 3200 கியர் 1க்கு வந்துவிடுங்கள், மன நிம்மதி.

பயோஸ் அப்டேட் யூபிஎஸ் இல்லாமல் செய்ய வேண்டாம். 2025 பெப்ரவரி 9இல் பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு ஏறி நாடு முழுக்க இருண்டது நினைவிருக்கும். நம் பக்கம் அதற்குக் குரங்கும் தேவையில்லை, பனை மட்டை ஒன்று வயரில் விழுந்தால் போதும். அப்டேட் நடுவில் கரண்ட் போனால் போர்டு எழும்பாது. பின்பக்கம் ஃபிளாஷ் பட்டன் உள்ள போர்டென்றால் தப்பலாம், மற்றதென்றால் பயோஸ் சிப்பைக் கழற்றி எழுத வேண்டும். அது கடை வேலை.

## அறிகுறி: நீலத்திரை இல்லை, கோப்புகள் கெடுகின்றன

எல்லாவற்றிலும் மோசமானது இதுதான், ஏனென்றால் சத்தமே போடாது. ஜிப் கோப்பு விரிக்கும்போது "சிஆர்சி பிழை" என்று வரும், அதையே திரும்ப விரித்தால் சரியாக வரும். விளையாட்டு இறக்கினால் கோப்புச் சரிபார்ப்பில் தோற்கும். ரென்டர் முடிந்த வீடியோவில் ஓரிடத்தில் பச்சைக் கட்டங்கள் தெறிக்கும். ஆட்கள் டிஸ்க்கைக் குற்றம் சொல்லிப் புது எஸ்எஸ்டி வாங்குவார்கள். கொஞ்ச நாளில் அதிலும் அதே கதை.

டிஸ்க்குக்குப் போகும் ஒவ்வொரு எழுத்தும் ரேம் வழியாகத்தான் போகிறது. ரேம் ஒரு பிட்டைப் புரட்டினால் டிஸ்க் பிழையான பிட்டை நேர்மையாக எழுதி வைக்கும்.

உடனே எக்ஸ்எம்பியை அணையுங்கள். அணைத்த பிறகுதான் அட்மின் கமாண்ட் திரையில் "எஸ்எஃப்சி ஸ்கேன்நவ்" (sfc /scannow) ஓட்டி விண்டோஸைத் திருத்த வேண்டும். ஓவர்கிளொக்கோடு ஓட்டினால் திருத்தும் கோப்பும் கெடும். பேக்கப்பையும் அணைத்த நிலையில் எடுங்கள், பழைய பேக்கப்பை அழிக்காமல். விண்டோஸ் திரும்பப் போட வேண்டி வந்தாலும் முதலில் ரேமைச் சாதாரண வேகத்துக்கு இறக்குங்கள்.

கல்யாண வீடியோ, ஸ்டூடியோப் படம், கொமினிகேஷன் கணக்கு என்று மற்றவர் காசு கொடுத்த வேலை உள்ள பெட்டிகளில் ஓவர்கிளொக்கே வேண்டாம் என்பது என் கட்சி. பத்து நிமிட ரென்டரில் சில விநாடி மிஞ்சும். அதற்காகத் தாலி கட்டும் காட்சியைப் பணயம் வைக்க முடியாது.

## அறிகுறி: நீலத்திரையும் இல்லாமல் சட்டென்று ரீஸ்டார்ட்

ஈவென்ட் வியூவரைத் திறந்து "வியா-லொகர்" (WHEA-Logger) என்று தேடுங்கள். ரைசனில் 19 என்ற எண்ணோடு வரிசையாக இருந்தால் ரேமை அல்ல, சிப்புக்குள் ரேமோடு பேசும் ஃபாப்ரிக்கை அதிகம் ஓட்டுகிறீர்கள். ஏஎம்4இல் ரேம் 3600, ஃபாப்ரிக் 1800 என்பது பாதுகாப்பான எல்லை. 3800, 1900 சில சிப்பில் நிற்கும், பலதில் நிற்காது. 4000 ரேம் மலிவாகக் கிடைத்தது என்று வாங்கியிருந்தால் 3600இல் ஓட்டுங்கள், ரேம் கட்டுப்பாட்டி பாதி வேகத்துக்கு விழும் 4000ஐ விட அது நல்லது.

வியா ஒன்றும் இல்லாவிட்டால், "கர்னல்-பவர் 41" மட்டும் இருந்தால், மோட்டர் தலைப்பில் சொன்ன பவர் சப்ளைச் சோதனைக்குத் திரும்புங்கள்.

ஏஎம்5இல் ஸ்லீப்பிலிருந்து எழும்பாமல் தொங்கினால், எழும்பும் நேரத்தைக் குறைக்க "மெமரி கொன்டெக்ஸ்ட் ரீஸ்டோர்" போட்டிருக்கிறீர்களா பாருங்கள். போட்டால் "பவர் டவுன் எனேபிள்" என்பதையும் சேர்த்துப் போட வேண்டும். அப்படியும் தொங்கினால் இரண்டையும் அணைத்துவிட்டு அந்த ஒரு நிமிடத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

## அறிகுறி: 16 போட்டால் 8 தான் காட்டுகிறது

ஸ்டிக் இரண்டையும் இடம் மாற்றிப் போடுங்கள். காணாமல் போவது ஸ்டிக்கோடு நகர்ந்தால் ஸ்டிக். அதே ஸ்லொட்டில் நின்றால் முதலில் மேலே சொன்ன துடைப்பு. துடைத்தும் இல்லாவிட்டால் கூலரின் நாலு ஸ்குரூவையும் கொஞ்சம் தளர்த்தி, மூலைக்கு மூலை மாற்றி மாற்றிச் சம அளவில் இறுக்குங்கள். ஒரு பக்கம் கூட இறுகினால் சொக்கெட் ஊசி ஒன்று சரியாகத் தொடாமல் ஒரு சனலே (ரேமுக்கான பாதை) காணாமல் போகும். அதற்கும் வராவிட்டால் சொக்கெட் ஊசி வளைந்திருக்கிறது. இன்டெல் சொக்கெட்டில் அதைப் பூதக்கண்ணாடியும் மெல்லிய ஊசியும் பழகிய கையும் உள்ளவர்தான் நிமிர்த்தலாம்.

## கடைக்குக் கொண்டுபோகும்போது

என்னிடமோ வேறு யாரிடமோ கொண்டுபோனால் பயோஸ் படம், நேரம் எழுதிய கொப்பி, மெம்டெஸ்ட் முடிவின் படம் மூன்றையும் கொண்டுபோங்கள். பாதி நாள் மிஞ்சும், கூலியும் குறையும். எதையெதை மாற்றினீர்கள் என்று ஒளிக்காமல் சொல்லுங்கள். ஒருவரும் ஏச மாட்டார்கள். பழுதைப் பார்க்காமலே "போர்டு போயிட்டுது, புதுசு போடுவம்" என்பவரிடம் பெட்டியை விட்டுவிட்டு வர வேண்டாம்.

வொரன்டிக்குக் கொழும்பு அனுப்பினால் சாமான் திரும்பி வரக் கிழமைகள் ஆகும். எக்ஸ்எம்பியும் எக்ஸ்போவும் இன்டெல், ஏஎம்டி இருவர் கணக்கிலும் ஓவர்கிளொக்தான், அதனால் சிப் வொரன்டிக்குப் போகிறபோது கேள்வி வரலாம். ரேம் ஸ்டிக்குக்கு அந்தச் சிக்கல் குறைவு, ஏனென்றால் பெட்டியில் அச்சடித்த வேகமே எக்ஸ்எம்பி வேகம்.

பெட்டியை ஏ9 பஸ்ஸில் ஏற்றுவதானால் கிராபிக்ஸ் கார்டைக் கழற்றித் தனிப்பையில் மடியில் வையுங்கள். பெரிய டவர் கூலரும் அப்படித்தான், கழற்றத் தெரியாவிட்டால் பெட்டியைக் கூலர் மேல்நோக்கி நிற்கும்படி படுக்க வையுங்கள். ரேம் ஸ்டிக் ஸ்லொட்டிலேயே இருக்கலாம்.